நறுமண எண்ணெய் சிறுநீரகத்தைக் காக்குமா? சாகுபடியாளர்கள் அறிய வேண்டியவை

துளசி, ஓமம், கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் என்று ஏதாவது ஒரு நறுமணப் பயிரை நீங்கள் சாகுபடி செய்பவராக இருந்தால், இந்தக் கேள்வி ஒருநாள் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். "புற்றுநோய்க்கு மருந்து ஏத்தும்போது கிட்னி கெட்டுப் போகாம இந்த எண்ணெய் காக்குமாமே, கொஞ்சம் கிடைக்குமா?" என்று அலைபேசியில் வந்த செய்தியைக் காட்டி ஒருவர் கேட்பார். அவர் வீட்டில் யாரோ ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார். எண்ணெய் உங்கள் கையில் இருக்கிறது. அவர் பணத்தோடு நிற்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. தாவர நறுமண எண்ணெய்களில் உள்ள சில வேதிப்பொருட்கள், கீமோதெரபி மருந்தால் சிறுநீரகச் செல்களுக்கு வரும் சேதத்தைக் குறைப்பதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததற்கும், நோயாளிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் கொடுப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை உணர்ந்தவர்தான் சரியான பதில் சொல்ல முடியும்; தன் விளைபொருளையும் சரியான விலைக்கு விற்க முடியும். விரிவாக்கப் பணியில் இருப்பவர்களிடமும் இதே கேள்வி வரும் என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே இந்த விவரங்கள்.

மருந்து சிறுநீரகத்தைத் தாக்குவது எப்படி?

வாய், கழுத்து, கருப்பை வாய், நுரையீரல், சினைப்பை, விரை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்குத் தரப்படும் முக்கியமான மருந்து சிஸ்பிளாட்டின். இது பிளாட்டினம் என்ற உலோகத்தைக் கொண்டது. இந்த வேதிப்பொருளை இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலே பெய்ரோனே 1844-45ஆம் ஆண்டுகளிலேயே தயாரித்துவிட்டார். ஆனால் அதன் மருத்துவப் பயன் நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தபோது, பிளாட்டினம் மின்முனையில் இருந்து உருவான பொருள் பாக்டீரியா இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். 1965ல் அது வெளியானது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் புற்றுநோய்ச் செல்லையும் தடுக்குமே என்ற யோசனையில் தொடங்கிய ஆராய்ச்சி, 1978ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெறுவதில் முடிந்தது.

இடையில் இந்த மருந்து கைவிடப்படும் நிலைக்குப் போனது. காரணம் சிறுநீரகச் சேதம்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்தில் இருந்து வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி முழுவதையும், அதில் உள்ள உப்பு, சர்க்கரையோடு சேர்த்து உடலுக்குத் திருப்பி எடுத்துக்கொள்வது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டி அலகுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்கால், அதன் கரையெல்லாம் உழைக்கும் செல்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்பிளாட்டின் ரத்தத்தில் சுற்றும்போது, இந்தக் குழாய்ச் செல்கள் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருப்பதைப் போல சுமார் 5 மடங்கு அளவு மருந்து இந்தச் செல்களுக்குள் சேர்கிறது. உள்ளே போன மருந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. செல்லின் தற்காப்புப் பொருளான குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, அழற்சி தொடங்கி, செல் மடிகிறது. அப்போது ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா அளவுகள் ஏறும். மெக்னீசியம் சிறுநீரில் வீணாகி ரத்தத்தில் குறையும்.

1970களில் மருத்துவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாக நிறைய உப்புநீர் ஏற்றினார்கள். சிறுநீர் தாராளமாகப் பிரிந்ததும் குழாய்ச் செல்களின் சேதம் குறைந்தது. சிஸ்பிளாட்டின் இன்று உலகம் முழுக்கப் பயன்படுவதற்கு அந்த உப்புநீர் ஒரு முக்கியக் காரணம். அப்படியும் சேதம் முழுதாக நிற்கவில்லை. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இன்றும் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தாவரங்களின் பக்கம் திரும்பினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கண்டது என்ன?

நறுமண எண்ணெய் என்பது செடி தன் தற்காப்புக்காகத் தயாரிப்பது. பூச்சி, பூஞ்சாணம், மேய வரும் விலங்கு ஆகியவற்றை விரட்ட, இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலும் விதையின் எண்ணெய்க் குழல்களிலும் இதைச் சேர்த்து வைக்கிறது. ஓம எண்ணெயின் முக்கியப் பொருள் தைமால். கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால். கிராம்பிலும் துளசியின் பல வகைகளிலும் யூஜினால். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். கருஞ்சீரகத்தின் ஆவியாகும் எண்ணெயில் தைமோகுயினோன். இவற்றில் பலவும் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் திறன் கொண்டவை. சேதம் அந்த மூலக்கூறுகளால் வருகிறது என்றால், இவை காக்குமே என்ற எதிர்பார்ப்பு இயல்பானது.

சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் செய்து 1997ல் வெளியான ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஒரே ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஊசி போட்டார்கள். ஊசிக்கு 5 நாள் முன்பும், 5 நாள் பின்பும், குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் தைமோகுயினோன் கலந்து கொடுத்தார்கள். அதைக் குடித்தவற்றின் சிறுநீரகச் சேதம் வெகுவாகக் குறைந்தது. புற்றுக்கட்டி இருந்த சுண்டெலிகளில் மருந்தின் வேலையும் குறையவில்லை, கூடியே இருந்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கருஞ்சீரக எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 2017ல் வெளியானது. அதிலும் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. தைமால், கார்வக்ரால் இரண்டையும் எலிகளில் சோதித்த ஆய்வு 2015ல் வந்தது. ஆக்சிஜன் சேதம், அழற்சி, செல் மடிவது ஆகிய மூன்றும் குறைந்ததாக அது சொன்னது.

விலங்குகளோடு, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் சிறுநீரகச் செல்களிலும் சோதனைகள் நடக்கின்றன. ஒரு தட்டில் மருந்து மட்டும், இன்னொரு தட்டில் மருந்தோடு தாவரப் பொருளும் ஊற்றி, எதில் அதிகச் செல்கள் பிழைத்தன என்று எண்ணுவார்கள். வயலில் மருந்து தெளித்த பாத்தி, தெளிக்காத பாத்தி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அதே முறைதான்.

இவை உண்மையான ஆய்வுகள். நம்பிக்கை தருபவை. ஆனால் இவற்றை வைத்து ஒரு நோயாளிக்கு எண்ணெய் கொடுக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

எலிக்கும் நோயாளிக்கும் நடுவே

முதல் காரணம், தட்டில் இருக்கும் செல்லுக்குக் கிடைப்பது நம் சிறுநீரகத்துக்குக் கிடைப்பதில்லை. தட்டில் தைமாலை நேராக ஊற்றுகிறார்கள். நாம் விழுங்கினால் அது குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் 12 ஆரோக்கியமான மனிதர்களுக்குச் சிறிதளவு தைமால் உள்ள மாத்திரை கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். 2002ல் வெளியான அந்த ஆய்வில், ரத்தத்தில் தைமால் தைமாலாகவே கிடைக்கவில்லை. உடல் அதைத் தைமால் சல்பேட்டாக மாற்றிவிட்டிருந்தது. தட்டில் செல்லைக் காத்த பொருள் ஒன்று; ரத்தத்தில் சுற்றும் பொருள் வேறொன்று.

இரண்டாவது, எலிக்குப் போடுவது பெரும்பாலும் ஒரே ஊசி. நோயாளிக்கு வாரம் ஒருமுறையோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ பல சுற்றுகள் மருந்து ஏறும். ஆய்வுக்கு எடுப்பது இளமையான, நோயில்லாத எலிகளை. நோயாளிக்கோ வயது 60 இருக்கும், சர்க்கரை இருக்கும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருக்கும். எலிக்குக் கொடுத்த அளவை மனித எடையால் பெருக்கிக் கணக்குப் போடுவதும் தவறு. எலியின் உடல் மருந்தைக் கழிக்கும் வேகமே வேறு.

மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. சிறுநீரகச் செல்லைக் காக்கும் பொருள், புற்றுநோய்ச் செல்லையும் காத்துவிடக்கூடாது. களை எடுக்க அடித்த மருந்தில் இருந்து பயிரைக் காப்பதாக நினைத்துக் களையையும் காத்துவிட்டால் அந்த மருந்துக்குப் பயன் இல்லை. ரியாத் ஆய்வில் அப்படி நடக்கவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அது ஒரு வகைக் கட்டி, சுண்டெலியில், ஒரே பொருளின் ஒரே அளவில். நோயாளியிடம் உள்ள புற்றுநோய்க்கும் அது பொருந்துமா என்பதை மனிதர்களில் முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். மருத்துவமனைகளில் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் வழக்கமான சிகிச்சையில் இன்றுவரை எந்த நறுமண எண்ணெயும் இல்லை.

மூலிகைதானே என்று விடமுடியாது

சமையலில் போடும் ஓமமும், வடித்தெடுத்த ஓம எண்ணெயும் ஒன்றல்ல. 100 கிலோ ஓமத்தில் கிடைப்பது 2 முதல் 4 கிலோ எண்ணெய். ஒரு சிட்டிகை ஓமத்தில் இருப்பது மிகச் சிறிய அளவு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அடங்கியிருப்பது 100 கிராமுக்கும் மேற்பட்ட ஓமத்தின் சாரம். யாரும் ஒரே மூச்சில் அவ்வளவு ஓமம் தின்பதில்லை.

நீலகிரியில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தை மூட்டு வலிக்குப் பலரும் தேய்க்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 20க்கும் மேற்பட்ட மாத்திரைகளை ஒன்றாக விழுங்கியது போல. அது சிறுநீரகத்தையும் தாக்கும், உயிரையும் எடுக்கும். யூக்கலிப்டஸ் தைலத்தைக் குழந்தைகள் சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம். யூஜினால், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையைக் குறைக்கக்கூடியது. கீமோதெரபியால் ஏற்கெனவே தட்டணு குறைந்திருப்பவருக்குக் கிராம்பு எண்ணெய் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூலிகையே சிறுநீரகத்தை அழித்த கதையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மருந்தால் 100க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி மருந்தில் சேர்ந்துவிட்டிருந்தது. அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகக் குழாய்களைச் சிதைத்தது. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் வரப்புகளில் வளரும் ஆடுதின்னாப்பாளை இதே இனத்தைச் சேர்ந்தது. அதிலும் இந்த அமிலம் உண்டு. சிறுநீரகம் பலவீனமாக உள்ளவருக்குப் பெயர் தெரியாத பச்சிலைச் சாறு கொடுப்பதன் ஆபத்து இதில் இருந்து விளங்கும்.

பெயர் ஒன்று, எண்ணெய் வேறு

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். மருந்து ஆராய்ச்சிக்கோ மருந்துத் தொழிலுக்கோ எண்ணெய் வாங்குபவர், "துளசி எண்ணெய்" என்று மட்டும் கேட்பதில்லை. அதில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார். காரணம், செடியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் ஒன்றாக இருப்பதில்லை.

துளசியில் யூஜினால் அதிகமுள்ள வகையும் உண்டு, மெத்தில் யூஜினால் அதிகமுள்ள வகையும் உண்டு. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் மெத்தில் யூஜினாலை உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வயல்களில் விளைந்த இரண்டு துளசியில், ஒன்றில் ஆராய்ச்சியாளர் தேடும் பொருளும், மற்றதில் அவர் தவிர்க்கும் பொருளும் இருக்கலாம். மூக்கால் முகர்ந்து இதைச் சொல்ல முடியாது.

கற்பூரவல்லியும் அப்படித்தான். ஓரிடத்துச் செடியில் கார்வக்ரால் மேலோங்கும், இன்னோரிடத்தில் தைமால். கருஞ்சீரகத்தில் வேறு ஒரு குழப்பம். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பது செக்கில் பிழியும் கொழுப்பு எண்ணெய். தைமோகுயினோன் இருப்பது, விதையில் அரை முதல் இரண்டரை சதவீதம் வரையே உள்ள ஆவியாகும் எண்ணெயில். சூடேறிய செக்கில் ஆட்டினாலோ, திறந்து வைத்தாலோ அந்தப் பகுதி பறந்துபோகும். சந்தையில் கருஞ்சீரக எண்ணெய் என்ற ஒரே பெயரில் விற்கும் இரண்டு குப்பிகளில் இந்தப் பொருளின் அளவு பல மடங்கு வேறுபடலாம்.

தரமான எண்ணெய்க்கு என்ன செய்யலாம்?

ரகத் தேர்வில் தொடங்குங்கள். லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிறுவனம், சுருக்கமாக சீமேப், எண்ணெயின் சேர்மானத்தைப் பார்த்து ரகங்களை வெளியிடுகிறது. யூஜினால் அதிகமுள்ள துளசிக்கு சிம்-ஆயு, எலுமிச்சைப்புல்லில் கிருஷ்ணா ஆகியவை அதன் ரகங்கள். அதன் ஆராய்ச்சி மையம் ஒன்று பெங்களூருவில் இருப்பது நமக்கு வசதி. ஓமம், கருஞ்சீரகம் போன்ற விதை நறுமணப் பயிர்களுக்கு ராஜஸ்தானின் அஜ்மீரில் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்து மற்றும் நறுமணப் பயிர்களுக்கென்று தனித் துறை உண்டு. நாற்றோ விதையோ வாங்கும்போது ரகத்தின் பெயரோடு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எண்ணெயின் பூர்வீகத்தைக் காட்ட அது உதவும்.

அறுவடை நேரம் எண்ணெயின் அளவையும் தரத்தையும் மாற்றும். துளசியை நன்றாகப் பூத்திருக்கும்போது, தரையில் இருந்து சுமார் 15 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். முதல் அறுவடை 90 முதல் 95 நாளில் வரும். பிறகு 65 முதல் 75 நாளுக்கு ஒருமுறை. எலுமிச்சைப்புல்லில் நட்ட 90 நாள் வாக்கில் முதல் அறுவடை. அதன்பின் 75 முதல் 90 நாளுக்கு ஒருமுறை, 10 முதல் 15 செ.மீ. அடிப்பகுதி விட்டு அறுக்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது வெட்டாதீர்கள். வெட்டிய தழையைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். நிழலில் பரப்பி, லேசாக வாடவிட்டு வடிகலனில் ஏற்றுங்கள்.

வடிப்பதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஓமத்தை இடித்த உடனே வடிக்க வேண்டும். இடித்து வைத்தால் மணத்தோடு தைமாலும் போய்விடும். துளசியில், யூஜினால் கடைசியில்தான் அதிகம் வரும். அது தண்ணீரைவிட அடர்த்தியானது. விறகை மிச்சப்படுத்த அடுப்பைச் சீக்கிரம் தணித்தாலோ, மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டினாலோ யூஜினாலைத்தான் கொட்டுகிறீர்கள். தைமால், யூஜினால் போன்றவை இரும்போடு சேர்ந்தால் நிறம் கறுக்கும். துருப்பிடிக்காத எஃகு வடிகலன் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வடித்த எண்ணெயில் ஈரம் இருக்கக்கூடாது. நீரை முழுதாகப் பிரித்தபின், நீரற்ற சோடியம் சல்பேட் சேர்த்து வடிகட்டினால் மிச்ச ஈரமும் போகும். அடர்நிறக் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகிய கலன்களில் ஒன்றில் கழுத்துவரை நிரப்பி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பாதி காலியான கேனில் உள்ள காற்றே எண்ணெயைக் கெடுக்கும். சாதாரண பிளாஸ்டிக் கேன் வேண்டாம். முந்தைய அறுவடை எண்ணெயைப் புதியதோடு கலக்காமல், தேதி, வயல், ரகம் எழுதித் தனித்தனியே வையுங்கள். பயிருக்கு அடித்த பூச்சிக்கொல்லியின் எச்சமும் எண்ணெயோடு வரக்கூடும் என்பதால், என்ன மருந்து எப்போது அடித்தோம் என்ற குறிப்பேடு அவசியம். மருந்துத் தொழிலுக்கு வாங்குபவர்கள் அதைக் கேட்பார்கள்.

கடைசியாகப் பரிசோதனை. வாயு நிறப்பகுப்பு என்ற சோதனையில், எண்ணெயில் உள்ள ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஜி.சி. ரிப்போர்ட் என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். சீமேப் நிறுவனத்திலும், உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் உள்ள நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையத்திலும் இந்த வசதி உண்டு. ஒருவர் தனியாகச் செய்தால் செலவு கடிக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஆர்வலர் குழுவோ சேர்ந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாதிரி எடுத்து அனுப்பினால் செலவு பங்காகிவிடும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், வியாபாரி மோந்து பார்த்துச் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

குப்பியில் எழுதக்கூடாதவை

எண்ணெய் நன்றாக வந்துவிட்டது. சொந்தப் பெயரில் குப்பியில் அடைத்து விற்கலாம் என்று இறங்குகிறீர்கள். அப்போது "சிறுநீரகத்தைக் காக்கும்", "கீமோ பக்கவிளைவுக்கு நல்லது" என்று ஒட்டுத்தாளில் அச்சடிக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கைப்பிரதி, சுவரொட்டி, ஒட்டுத்தாள் எல்லாமே விளம்பரம்தான். உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும்; மருந்தாக விற்க அதற்குரிய மருந்து உரிமம் வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வரியை நம்பி ஒருவர் மருத்துவமனை போவதை ஒரு சுற்று தள்ளிப்போட்டால், அந்தக் குப்பியில் இருப்பது உங்கள் பெயர். செடியின் பெயர், ரகம், வடித்த முறை, தேதி, முக்கியப் பொருளின் சதவீதம், "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்ற எச்சரிக்கை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். தெரிந்து வாங்குபவருக்கு அதுவே பெரிய விளம்பரம்.

நோயாளியின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை

கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். எண்ணெயைவிடப் பயனுள்ள சில விஷயங்களை நீங்கள் சொல்லி அனுப்பலாம். விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களிலும் இவற்றைச் சொல்லலாம்.

• கீமோதெரபி நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த அளவைத் தவறாமல் குடிக்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு அளவு மாறும் என்பதால் தாமாக முடிவு செய்யக்கூடாது.

• வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காமல் போனால், தண்ணீர் உள்ளே தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் வற்றிய உடலில்தான் மருந்து சிறுநீரகத்தை அதிகமாகத் தாக்கும்.

• உடம்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

• ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது. கிரியாட்டினின் ஏறினால் மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார், அல்லது சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்காத கார்போபிளாட்டின் போன்ற மருந்துக்கு மாற்றுவார். அந்த முடிவு சரியான நேரத்தில் வந்தால் சிறுநீரகம் பிழைக்கும்.

• கஷாயம், லேகியம், எண்ணெய், பச்சிலைச் சாறு என்று எது எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார் என்று மறைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. எடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் அவரால் காப்பாற்ற முடியும்.

• ரசத்தில் சீரகம், முறுக்கில் ஓமம் என்று வழக்கமாகச் சமையலில் சேர்க்கும் அளவு வேறு, வடித்த எண்ணெயை விழுங்குவது வேறு. வாந்தி வரும் நேரத்தில் எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்பதையும் மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

தாவர எண்ணெய்களைப் பற்றிய ஆராய்ச்சி தொடரும். ஒருநாள் தைமாலோ தைமோகுயினோனோ அளவிட்டுத் தூய்மைப்படுத்திய மருந்தாக, மனிதர்களில் சோதித்து நிரூபிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வரலாம். அப்படி வந்தால், என்ன ரகம், என்ன சேர்மானம் என்று தாளோடு எண்ணெய் கொடுக்கும் விவசாயியைத்தான் அந்தத் தொழில் தேடி வரும். அந்த இடத்தில் நிற்க இன்றே ரகத்தையும் வடிப்பையும் பதிவேட்டையும் சீராக்குங்கள். அதுவரை, கேட்டு வருபவரிடம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "ஆராய்ச்சி நடக்குது, எலியிலதான் பார்த்திருக்காங்க. உள்ளுக்குக் கொடுக்காதீங்க. டாக்டர்கிட்ட கேட்டு தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்க, ரத்தப் பரிசோதனையை விட்டுடாதீங்க."